அறுபத்துநாலாம் பக்கத்துக்கு அப்புறம்

என் மனைவி போட்ட எலுமிச்சை ஊறுகாய்க்குக் கப்பலில் கிடைத்த மரியாதையில் கால்வாசி என் நாவலுக்குக் கிடைத்திருந்தால் நான் இந்தப் பயணத்தை இவ்வளவு பதைப்போடு செய்திருக்க மாட்டேன்.

மதராஸ் கரை மறைந்த மறுநாளே கடல் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. கீழ்த்தட்டில் அடுக்கடுக்காகப் போட்டிருந்த கட்டில்களில் பாதிப் பேர் சுருண்டு கிடந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்து யாராவது எழுந்து போனால் மற்றவர்கள் அவரைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நான் ஊறுகாய் ஜாடியைத் திறந்து ஒரு துண்டை நாக்கில் வைத்தேன். எதிர்க் கட்டிலில் செத்தவர்போலக் கிடந்த வங்காளிப் பெரியவர் கண்ணைத் திறந்து ஏதோ சொன்னார். "தனக்கும் கொஞ்சம் வேண்டுமாம்" என்று மேல் கட்டிலில் இருந்தவர் தமிழில் சொன்னார். சொன்ன கையோடு அவரும் கையை நீட்டினார். சாயங்காலத்துக்குள் ஜாடி பாதியாகிவிட்டது. முகம் தெரியாத ஆட்களெல்லாம் வந்து "ஊறுகாய்க்காரர் நீங்கதானா" என்று விசாரித்தார்கள்.

மேல் கட்டில்காரர் வேலூர்ப் பக்கத்துக் கான்ட்ராக்டர். படிக்க ஒன்றும் கொண்டுவரவில்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தார். நான் மெல்ல என் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். எழுதியது நான் என்று சொல்லவில்லை. அவர் இரண்டு பக்கம் படித்தார். அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார். கேள்விப்பட்டதில்லையே என்றார். அதற்கப்புறம் போர்ட் பிளேர் வரும்வரை அதை விசிறியாக வைத்துக்கொண்டார். இறங்கும்போது திருப்பிக் கொடுத்து, அட்டை நல்ல கனம், காற்று நன்றாக வந்தது என்று நன்றி சொன்னார்.

என் நிலைமையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பல நாள் ராத்திரி கண் விழித்து ஒரு நாவல் எழுதினேன். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பிக்கொள்கிற கதை. அது அச்சாகியும் வந்துவிட்டது. படித்தவர்கள் எங்கள் தலைமையாசிரியர், என் சித்தப்பா மகன், என் மனைவி. மூன்று பேரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்? நாளைக்கும் என் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. நான் யாரென்றே தெரியாத ஒருவர், யார் சொல்லியும் இல்லாமல், தானாகக் கையை நீட்டி அந்தப் புத்தகத்தை எடுத்துக் கடைசிவரை படித்திருக்க வேண்டும். அப்படி ஒரே ஒருவரைக் கண்ணால் பார்த்தால் போதும். பார்க்க முடியாவிட்டால் இனிமேல் பேனாவைப் பரீட்சைத் தாள் திருத்த மட்டும்தான் எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னபோது, அப்படியானால் சிவப்பு மை வாங்கிக்கொள்ளுங்கள், தீர்ந்துவிட்டது என்றாள்.

ஊருக்குச் சொன்ன காரணம் காதுகுத்து. போர்ட் பிளேரில் இருக்கும் என் அக்காள் மகளுக்கு ஒரு வயசு முடிந்திருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். உள்காரணம் அத்தான் எழுதியிருந்த ஒரு வரி. அவர் அங்கே துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. நான் அனுப்பிய பிரதியை அந்த ஊர்த் தமிழர்கள் நடத்தும் படிப்பகத்தில் கொண்டுபோய் வைத்ததாகவும், அது கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தார். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் நாவலைக்கூட நான் அத்தனை தடவை படித்ததில்லை.

சாத்தம் ஜெட்டியில் கப்பல் ஒட்டியபோது ஊரே வந்து நின்றது. கப்பலில் ஒருவரையும் தெரியாதவர்கள்கூட வந்திருந்தார்கள். எங்கள் ஊர் ரயிலடியில் ரயில் வந்தால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. இங்கே இறங்குகிற வெங்காய மூட்டைக்கு இருபது பேர் முகம் மலர்கிறார்கள். அத்தான் குடையோடு நின்றார். என்னைக் கட்டிக்கொண்டபோது அவர் தலையிலிருந்து நெல்லிக்காய்த் தைலத்தின் வாசனை குப்பென்று அடித்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் தேய்க்கும் தைலம். கடல் தாண்டியும் அதை விடவில்லை.

வீடு லம்பா லைனில். பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பிடித்தால் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மழை அடிக்கடி பிடித்தது. அக்கா சொதி வைத்திருந்தாள். தேங்காய் அங்கே கேட்பாரற்றுக் கிடப்பதால், ஊரில் கல்யாண வீட்டில்கூடக் காணாத கெட்டிப் பால் அதில் இருந்தது. ஆனால் உருளைக்கிழங்கு இல்லை. "ஆலு கத்தம். இந்த ஜஹாஜ்ல வந்தாத்தான் உண்டு" என்றாள். உருளைக்கிழங்கு தீர்ந்துவிட்டது, இந்தக் கப்பலில் வந்தால்தான் உண்டு என்று இதற்கு அர்த்தம். கல்யாணம்வரை திருநெல்வேலியைத் தாண்டாத அக்கா பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளோடு இந்தியில் சண்டையே போடுகிறாள் என்பதை நான் ஊரில் போய்ச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் அத்தான் என்னைப் படிப்பகத்துக்குக் கூட்டிப்போனார். கடைவீதிக்குப் பின்னால் ஒரு பலகை அறை. பொறுப்பாளர் நடராஜன் தஞ்சாவூர்க்காரர். பகலில் தபால் ஆபீஸ், சாயங்காலம் இங்கே. நான் யாரென்று சொல்லக்கூடாது என்று அத்தானிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவரும் "மச்சினன், மெயின்லேண்ட்ல வாத்தியார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிட்டார். அத்தனை அவசரம் எதற்கு என்று அப்போது புரியவில்லை.

பெயர்பெற்ற எழுத்தாளர்கள் ஒருவரும் அலமாரியில் இல்லை. அவர்கள் வருகிற கப்பலிலிருந்தே நேராக வீடுகளுக்குப் போய்விடுவார்களாம். அவர்களுக்குக் காத்திருப்போர் வரிசை இருக்கிறது. மற்றவர்கள் என்னைப் போன்றவர்களில் ஒருவரைத்தான் எடுத்தாக வேண்டும். நான் பழைய பத்திரிகை ஒன்றை விரித்துக்கொண்டு, அதற்கு மேலாக அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். திருட வந்தவன் என்று யாராவது நினைத்திருந்தால் அவர்கள்மேல் தப்பில்லை.

முதலில் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் சிலுவை, கையில் மீன் கூடை. ஒரு புத்தகத்தை எடுத்ததும் நேரே கடைசிப் பக்கத்தைத் திறந்து நின்றபடியே படித்தாள். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அவள் புருஷன் கடலுக்குப் போகிறவன், கடைசிப் பக்கத்தில் யாராவது செத்தால் அந்தப் புத்தகத்தைத் தொடமாட்டாள் என்று நடராஜன் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். என் கடைசிப் பக்கத்தை அவசரமாக நினைத்துப் பார்த்தேன். யாரும் சாகவில்லை. அப்பாடா என்று இருந்தது. ஆனால் அவள் என் வரிசைவரை வரவே இல்லை. எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவதோடு முடிகிற புத்தகம் ஒன்று அதற்குள் அவளுக்கு அகப்பட்டுவிட்டது.

அப்புறம் வந்தவர் திக்லிபூர்க்காரர், ராமையா என்று பெயர். அங்கே பாக்குத் தோட்டம் வைத்திருக்கிறார். வடக்கே அந்தக் கோடியிலிருந்து இங்கே வருவது எப்போதாவதுதான் என்பதால், அவருக்குப் புத்தகம் கனமாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி எடை பார்த்தார். என் புத்தகத்தைத் தூக்கினார். முகத்தில் திருப்தி தெரிந்தது. நான் பத்திரிகையை மடித்தே வைத்துவிட்டேன். ராமையா அதைப் பக்கவாட்டில் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தாள்களின் ஓரத்தைப் பார்த்தார். உடனே சூடு பட்டவர்போல் அலமாரியில் வைத்துவிட்டார்.

நான் எழுந்துபோய் ஏன் வைத்துவிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் அதைத் திரும்ப எடுத்து ஓரத்தைக் காட்டினார்.

"பாருங்க சார். இதுவரைக்கும் அழுக்கு. இதுக்கு மேல பால் மாதிரி வெள்ளை. அத்தனை பேரும் இந்த இடத்துக்கு வந்ததும் போதும்னு விட்டுட்டாங்க. திக்லிபூர் வரைக்கும் சுமந்துட்டுப் போயி நானும் விடணுமா?"

இந்தத் தீவில் எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்று நடராஜன் சொன்னார். விமரிசனம் வருகிற பத்திரிகை வந்து சேர்வதற்குள் பழசாகிவிடும். யாரைக் கேட்பது? அதனால் தெரியாத ஆள் எழுதிய புத்தகம் என்றால் ஓரம் பார்ப்பார்கள். கடைசிவரை கறுத்திருந்தால் நம்பி எடுக்கலாம். பாதியில் நின்றிருந்தால் அவ்வளவுதான். ஒரு மதிப்புரைக்காரர்கூட இவ்வளவு சுருக்கமாக என்னைத் தீர்த்துக்கட்டியிருக்க முடியாது.

புத்தகத்தை அத்தான் பெயரில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் அத்தான் ஆபீஸுக்குப் போனபின் விரித்து உட்கார்ந்தேன். மஞ்சள் கறை, டீத் தம்ளர் வைத்த வளையம், எண்ணெய் விரல், மடித்த மூலைகள். அறுபத்துநாலாம் பக்கம்வரை எல்லாம் தாராளமாக இருந்தது. அறுபத்தைந்திலிருந்து ஒரு புள்ளிகூட இல்லை. அறுபத்துநாலில் என்ன எழுதித் தொலைத்தேன் என்று படித்தேன். அண்ணன் பொண்டாட்டி மாவாட்டுகிறாள். ஈரம் காயாத சுவர் வழியாக அந்தச் சத்தம் தம்பிக்குக் கேட்கிறது. அவ்வளவுதான். இதில் ஒரு தீவே ஓடிப்போகும்படி என்ன இருக்கிறது? உட்கார்ந்து படித்தேன், நின்று படித்தேன். மாவாட்டியது தப்பா, சத்தம் கேட்டது தப்பா என்று தெரியவில்லை. அக்கா வைத்த இட்லி ஆறிப்போயிற்று.

கண்ணைக் கசக்கிக்கொண்டு தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனபோதுதான் வாசனை வந்தது. நெல்லிக்காய்த் தைலம். அறுபத்துநாலு பக்கத்திலும் ஒரே தைலம், ஒரே கட்டைவிரல்.

சாயங்காலம் அத்தான் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் புத்தகத்தை நீட்டினேன். அவர் கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"புதுசா, மொடமொடன்னு இருந்தா எவனும் தொடமாட்டான் மாப்ளே. அழுக்கு இருந்தாத்தான் எடுப்பாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அதான் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து கொஞ்சம் பண்ணிக் குடுத்தேன்."

ஏன் அறுபத்துநாலோடு நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். கப்பல் ஊதிவிட்டதாம், ஜெட்டிக்குப் போய்விட்டாராம். அதற்கு மேல் யார் பார்க்கப் போகிறார்கள் என்று வந்தபின் விட்டுவிட்டாராம். வாழ்க்கையில் ஒரு புத்தகமும் படித்தறியாதவரின் தப்பு அது. இவர் பார்த்த வேலையால் என் கதையை இந்த ஊரே பாதியில் துப்பிவிட்டதாக அர்த்தமாகிவிட்டது. என் முகத்தைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. மிச்சப் பக்கங்களையும் உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார். அக்கா உள்ளே சிரிப்பை அடக்கிக்கொண்டு பாத்திரத்தை உருட்டினாள்.

நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், வருத்தம்தான் அதிகம். படித்துவிட்டுப் பாதியில் விட்டவர்கள் நிறையப் பேர் என்று காலையில் அழுதேன். சாயங்காலம் அவர்களும் இல்லை என்று ஆகிவிட்டது. சிவப்பு மை வாங்க வேண்டியதுதான் என்று தோன்றிவிட்டது.

மறுநாள் முருகன் கோயிலில் காதுகுத்து. பத்தர் விசாகப்பட்டினத்துக்காரர். குழந்தைக்கு இந்தியில் சமாதானம் சொல்லிக்கொண்டே குத்தினார். அது என் விரலைக் கடித்தது. ஊரில் என்றால் யார் யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று பார்த்துப் பார்த்து இலை போட வேண்டும். இங்கே வங்காளி, மலையாளி, தெலுங்கர் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, சாம்பாரை அவரவர் இஷ்டப்படி எதோடோ பிசைந்து சாப்பிட்டார்கள். அந்தப் பந்தியில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் நானும் அத்தானும் மட்டும்தான். அவர் என் இலைக்கு வந்து பாயசத்தை இரண்டு தடவை ஊற்றினார். நான் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டேன். கோபம் அத்தான்மேல்தான், பாயசத்தின்மேல் இல்லை.

திரும்பும் கப்பலுக்கு ஒருநாள் இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் படிப்பகத்துக்குப் போனேன். பிராயச்சித்தமாக அத்தானும் நாலடி பின்னால் வந்தார். நடராஜன் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு, இதை வீட்டுக்கு எடுத்துப்போன இரண்டாவது ஆள் நீங்கள் என்றார்.

இரண்டாவதா என்றேன். இது எங்களுக்கு வரும்போதே அழுக்காகத்தான் வந்தது, மெயின்லேண்டில் படித்து விட்டதாக இருக்கும் என்று அவர் விளக்கினார். இங்கே வந்தபின் எடுத்தது ஒருவர்தான். பாம்பூஃப்ளாட் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற நர்ஸ் பிலோமினா. முழுக்கப் படித்தாரா என்று கேட்டேன். அது தெரியாது, அவர் நாளெல்லாம் கார்பாலிக் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறவர், எதைப் படித்தாலும் தடமே இருக்காது என்றார்.

பாம்பூஃப்ளாட் துறைமுகத்துக்கு அக்கரையில் இருக்கிறது. சாத்தத்திலிருந்து படகு. மர ஆலை வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள், மீன் கூடைகள், ஒரு வெள்ளாடு எல்லாவற்றோடும் நின்றுகொண்டே போனோம். மழை சாய்த்து அடித்தது. ஒரு குடை எங்களிடம் இருந்தது. அத்தான் அதை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தான் முழுக்க நனைந்தார். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

போய் இறங்கினால் நர்ஸம்மா இல்லை. மருந்து எடுக்கப் போர்ட் பிளேருக்குப் போயிருக்கிறார் என்றார் ஜெட்டி டீக்கடை மலையாளி. சாத்தத்தில் நாங்கள் ஏறிய அதே படகிலிருந்துதான் அவர் இறங்கிப் போயிருக்க வேண்டும். கடைசிப் படகில் திரும்பி வருவார், அந்தப் படகு ஆளை இறக்கியதும் உடனே திரும்பிவிடும், அதை விட்டால் விடியும்வரை இங்கேதான் என்று கடைக்காரர் இந்தியில் சொல்ல, அத்தான் எங்கோ பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார். மறுநாள் காலையில் எனக்குக் கப்பல். ஆக, படகு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு. கடையில் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழப் பஜ்ஜி, சூடாக இருந்தது. வாங்கினேனே தவிர இறங்கவில்லை.

படகு வந்தது. வெள்ளைச் சேலையும் கையில் மரப்பெட்டியுமாக நடுத்தர வயசுப் பெண் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு இறங்கினார். நான் பாய்ந்து எதிரே போய் நின்றேன். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. அவர் என்னைப் பார்த்ததும் பெட்டியை இடுக்கிக்கொண்டு வேகமாக நடக்க ஆரம்பித்தார்.

"வலி எப்ப எடுத்துது? தலைப்பிரசவமா?"

அவரிடம் ஓடி வருகிற ஆண்கள் எல்லோரும் அதற்குத்தான் ஓடி வருவார்கள் போலிருக்கிறது. வலி எனக்குத்தான் என்று சொல்லத் தோன்றியது. ஒரு புத்தகத்தைப் பற்றிக் கேட்க வந்தேன் என்றேன். அவர் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குள் படகுக்காரர் எங்களைப் பார்த்துக் கத்தினார். ஏறிவிடலாம் என்று திரும்பினேன். படகின் இயந்திரம் இருமியது, உறுமியது, அப்புறம் அடங்கிவிட்டது. ஏறியிருந்தவர்கள் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். அந்த ஜெட்டியில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான்.

அந்தச் சுவர்க் கதையை நான் அறுபத்துநாலாம் பக்கம்வரை படித்திருக்கிறேன், மேலே படிக்கலாமா என்று கேட்கத்தான் வந்தேன் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். நர்ஸம்மா முகத்தில் சிரிப்பு வந்தது. அவர் மணப்பாட்டுக்காரர். எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்களும் அங்கதான் நின்னீங்களா அண்ணாச்சி? நான் அதை எடுத்ததே அதுக்குத்தான். ஒருத்தர் ரெண்டு பேர் விட்டா ருசி பிடிக்கலைன்னு சொல்லலாம். அத்தனை பேரும் ஒரே பக்கத்துல விட்டுட்டு ஓடியிருக்காங்கன்னா, அப்படி என்னத்த எழுதி வச்சிருக்கான் அந்த மனுஷன்னு பாக்கணும்லா?"

அத்தான் கடலை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே என்ன இருந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணுமே இல்ல. மூத்தவ மாவாட்டுதா. சரி, அடுத்த பக்கத்துல இருக்கும்னு திருப்பினேன். அங்கயும் இல்ல. அதுக்கடுத்ததுல இருக்கும்னு பாத்தேன். அப்படியே தேடித் தேடிப் போனா கடைசிப் பக்கம் வந்துட்டு."

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. காய்ச்சல் விட்டு வியர்த்த மாதிரி இருந்தது. மலையாளியின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். முகம் தெரியாத ஒருவர், யாரும் சொல்லாமல், தானாக எடுத்துக் கடைசிவரை படித்திருக்கிறார். எதைத் தேடிப் படித்தால் என்ன? கதை எப்படி என்று கேட்கும் தைரியம்கூட வந்துவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது என்றார் நர்ஸம்மா. சொல்லிவிட்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"ஆனா அதை எழுதின ஆளு என் கையில அகப்பட்டா சும்மா விடமாட்டேன். சின்னவன் பொண்டாட்டி செண்பகம், சுவர் எழுப்புதப்ப அவளுக்கு அஞ்சு மாசம். மசக்கையெல்லாம் நல்லா எழுதியிருக்கான். அப்புறம் கதையில ரெண்டு வருஷம் போயிடுது. அவ கிணத்தடிக்கு வாரா, மூத்தவகூடச் சண்டை போடுதா. பிள்ளையை மட்டும் காணோம். பெத்தாளா, பிள்ளை இருக்கா, போயிட்டுதா? ஒரு வரி இல்ல அண்ணாச்சி. ரெண்டு ஜஹாஜ் வந்துபோற வரைக்கும் நான் புஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்கல. எங்கயாவது விட்டுட்டேனோன்னு திருப்பித் திருப்பித் தேடினேன்."

சத்தியமாக எனக்கு அந்தப் பிள்ளையின் ஞாபகமே இல்லை. செண்பகத்தை வாந்தி எடுக்க வைத்தேன், மாங்காய் தின்ன வைத்தேன், அப்புறம் சுவர்ச் சண்டையில் அவள் வயிற்றில் இருந்ததை மறந்தேபோனேன். தலைமையாசிரியர், சித்தப்பா மகன், என் மனைவி மூவரில் ஒருவரும் பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை. அவர்கள் எவ்வளவு தூரம் படித்தார்கள் என்பது எனக்கு அங்கே, அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது விளங்கிவிட்டது. நான் தொலைத்த பிள்ளையைக் கடலுக்கு அப்பால் ஒருவர் கவலையோடு தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவ தாய்வீட்டுக்குப் போயிப் பெத்தா" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"அது புஸ்தகத்துல இல்லையே" என்றார் நர்ஸம்மா. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அத்தானால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "எழுதினதே இவன்தான் நர்ஸம்மா" என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து இயந்திரம் பிடித்துக்கொண்டது. படகுக்காரர் மணியை அடித்தார். அத்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். கயிற்றை அவிழ்க்கும்போது இருவரும் குதித்து ஏறினோம். திரும்பிப் பார்த்தால் நர்ஸம்மா பெட்டியை விட்டுவிட்டு ஜெட்டியின் விளிம்புவரை வந்து நிற்கிறார்.

"பிள்ளை உசிரோட இருக்கா?" என்று அங்கிருந்து கேட்டார்.

"இருக்கு. நல்லா இருக்கு" என்று கத்தினேன்.

"பின்ன எழுத வேண்டியதுதானே?"

"எழுதுதேன் நர்ஸம்மா" என்றேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது, நான் கட்டாயம் எழுதப் போகிறேன். நர்ஸம்மா கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் பெட்டியை எடுக்கத் திரும்பினார். நான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். மழைதான் என்று அத்தான் நினைத்திருப்பார், நினைக்கட்டும். "குடையை நீங்களும் பிடிச்சிக்கிடுங்க அத்தான், நனையிறீங்க" என்றேன். அவர் குடைக்குள் ஒண்டிக்கொண்டார்.

படகில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் தெரியாத கூட்டம். கரையில் பிரசவம் பார்க்கிற நர்ஸ், படகில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்துகிற ஆள், வேறு எப்படி நினைப்பார்கள்? மீன்காரி ஒருத்தி எனக்கு உட்கார இடம் விட்டாள். மர ஆலைத் தொழிலாளி ஒருவர், வங்காளி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மாவும் பிள்ளையும் சுகந்தானே என்று இந்தியில் கேட்டார். சுகம் என்றேன். ஆணா பெண்ணா என்று கேட்டார். அதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை. படகு ஜெட்டியை விட்டு நன்றாக விலகியிருந்தது. கொஞ்சம் யோசித்தேன்.

பெண் என்றேன்.